ஓடிபி வரவில்லை, விரலை ஏற்கவில்லை: போன் உள்ளே விடாதபோது எங்கே தேடுவது?

கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் வைத்திருக்கும் கணக்கு திடீரென்று உள்ளே விடவில்லை என்றால், பலரும் முதலில் அந்த ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். அதிலும் சரியாகாவிட்டால் போனையே ரீசெட் செய்கிறார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். ஐந்து நிமிடத்தில் தீர வேண்டிய சின்னக் கோளாறு வாரக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். நுழைவதற்கான ஆறு இலக்க எண்ணை உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பை அழித்தால் அதற்குள் இருந்த ரகசியச் சாவியும் சேர்ந்து போய்விடலாம். ரீசெட் செய்த போனை எந்தக் கணக்கும் பழைய போனாக அடையாளம் காணாது.

அதற்குப் பதிலாக, அதே கணக்கு வேறு எங்காவது திறந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினி, டேப்லெட், வீட்டில் இன்னொரு போன், எதுவாக இருந்தாலும் சரி. இருந்தால் அதை லாக் அவுட் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள், சரிசெய்யும் வேலை அங்கிருந்துதான் நடக்கப்போகிறது. அடுத்து, திரையில் வந்த பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். என்னிடம் போனைக் கொண்டுவருபவர்களிடம் 'என்ன சொல்லுச்சு?' என்று கேட்டால், 'ஏதோ எரர் வந்துச்சு' என்பதுதான் பதில். அந்த 'ஏதோ'வில்தான் பாதி விடை இருக்கிறது.

அறிகுறி எதுவானாலும் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். உண்மையிலேயே ஏதோ பழுதாகியிருக்கலாம். பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்வது நமக்குப் பழுதாகத் தெரியலாம். அல்லது வேறு யாரோ உள்ளே வரப் பார்க்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் 'தொல்லையாக இருக்கிறது' என்று இரண்டாவது சரிபார்ப்பையே அணைத்துவிடுவது மூன்றாவது வகை ஆளுக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான்.

ஓடிபி எஸ்எம்எஸ் வரவே இல்லை

வீட்டில் யாரையாவது உங்கள் எண்ணுக்கு ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸப் வேண்டாம், எஸ்எம்எஸ்தான் வேண்டும்.

அதுவும் வரவில்லை என்றால் சிக்கல் உங்கள் சிம் இணைப்பில் இருக்கிறது. வீட்டு வைஃபையில் எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதால் சிம்முக்கு சிக்னல் இல்லாததைப் பலர் கவனிப்பதே இல்லை. ஏரோப்ளேன் மோடை ஒருமுறை போட்டு எடுங்கள். போன் டவரோடு புதிதாகப் பதிவு செய்துகொள்ளும், தேங்கிக் கிடந்த செய்திகள் வந்து விழும். அப்புறம் ரீசார்ஜைப் பாருங்கள். இரண்டாவது சிம்முக்குக் காசு போடுவதை நிறுத்திவிட்டு, வங்கியில் மட்டும் அந்த எண்ணையே விட்டுவைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ரீசார்ஜ் முடிந்து நாளானால் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும். அப்படியே விட்டால் அந்த எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவர் கைக்கும் போகலாம். உங்கள் வங்கி ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

சிம்மை இப்போதுதான் மாற்றினீர்களா? தொலைந்ததற்கு மாற்றாக வாங்கியதோ, இசிம்முக்கு மாறியதோ எதுவானாலும், இந்தியாவில் புதுச் சிம் வேலை செய்ய ஆரம்பித்த பின் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைப்பார்கள். இதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். உங்கள் எண்ணை யாரேனும் திருடிப் புதுச் சிம் வாங்கியிருந்தால், அந்த ஒரு நாளில் நீங்கள் விழித்துக்கொள்ளலாம் என்பதற்கான ஏற்பாடு அது. காத்திருங்கள், வேறு வழியில்லை.

சாதாரண எஸ்எம்எஸ் வருகிறது, ஓடிபி மட்டும் வரவில்லை என்றால் செய்தி ஆப்பில் ஸ்பேம் பகுதியையும் தடுத்த எண்களின் பட்டியலையும் திறந்து பாருங்கள். விளம்பரத் தொல்லையில் ஏதோ ஒரு நாள் அந்த நிறுவனத்தின் பெயரையே பிளாக் செய்திருப்பீர்கள். அங்கேயும் இல்லையென்றால், ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். திரையில் கடைசி இரண்டு, நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும். அது உங்கள் பழைய எண்ணாகவோ, கணக்குத் தொடங்கியபோது கொடுத்த அப்பாவின் எண்ணாகவோ இருக்கலாம். மாற்றுவதற்கு வங்கிக் கிளைக்கோ ஏடிஎம்முக்கோ நேரில் போக வேண்டிவரலாம். அலைச்சல்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்தே யார் வேண்டுமானாலும் மாற்றிவிடும்படி இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் வராமல் போவது உண்டு. இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் அனுப்புநர் பெயரும் வாசக அமைப்பும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். பதிவோடு ஒத்துப்போகாததை டெலிகாம் நிறுவனம் வழியிலேயே நிறுத்திவிடும். 2021 மார்ச்சில் இந்த வடிகட்டலை முழுமையாக இயக்கியபோது, பதிவைச் சரிசெய்யாத நிறுவனங்களின் ஓடிபிகள் நாடு முழுக்க நின்றுபோய், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி நாளில் 'கால் மூலம் பெறுக' என்ற வழி இருந்தால் அதைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பத்து முறை 'ரீசென்ட்' அழுத்தினால் கணக்கே சில மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய எண்ணில் ரோமிங் இயங்காவிட்டால் ஓடிபி வராது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அதை இயக்கிவிடுவது நல்லது. சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன் உள்ளிட்ட பத்து நாடுகளின் எண்களை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளோடு சேர்த்து யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் அனுமதி வந்தது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஓடிபி வந்தது, ஆனால் தவறு என்கிறது

பெரும்பாலும் பொறுமையின்மைதான் காரணம். இரண்டு முறை கேட்டிருப்பீர்கள், முதலாவது தாமதமாக வந்திருக்கும், அதைப் போட்டிருப்பீர்கள். புதிது அனுப்பப்பட்டதும் பழையது செல்லாமல் போவதுதான் வழக்கம். கொஞ்சம் காத்திருந்து, கடைசியாக வந்ததைப் போடுங்கள். தானாக நிரப்பும் வசதி பழைய எண்ணை எடுத்துப் போட்டுவிடுவதும் உண்டு, கையால் அடித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், ஓடிபி செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல் வாசகத்தையும் படியுங்கள். எந்தக் கடைக்கு, எவ்வளவு ரூபாய் என்று அதில் எழுதியிருக்கும். நீங்கள் 499 ரூபாய்க்குக் கேட்டு, செய்தியில் 49,900 என்று இருந்தால் அந்த எண்ணை எங்கேயும் போடாதீர்கள்.

ஆத்தென்டிகேட்டர் காட்டும் ஆறு இலக்கத்தை ஏற்கவில்லை

இதற்குக் காரணம் கடிகாரம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், பத்துக்கு எட்டு முறை சரியாக இருக்கும்.

இந்த ஆப் இணையத்திலிருந்து எண்ணைக் கொண்டுவருவதில்லை. நீங்கள் முதல் நாள் கியூஆரை ஸ்கேன் செய்தபோது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் வந்து உட்கார்ந்தது. அதே சாவி அந்த நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கிறது. 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்பதை முப்பதால் வகுத்து, அந்த எண்ணையும் சாவியையும் சேர்த்துக் கலக்கினால் ஆறு இலக்கம் கிடைக்கும். இருபுறமும் தனித்தனியே இதே கணக்கைப் போட்டு, விடை ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். 2011-இல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான முறை இது. போன் ஏரோப்ளேன் மோடில் இருந்தாலும் எண் மாறிக்கொண்டே இருப்பதும், போன் கடிகாரம் சில நிமிடம் தவறினால் எல்லாமே தவறிப்போவதும் இதனால்தான். சர்வர்கள் பொதுவாக முப்பது வினாடி முன்னே பின்னே இருந்தால் விட்டுக்கொடுக்கும், அதற்கு மேல் விடாது.

செட்டிங்ஸில் தேதியும் நேரமும் உள்ள இடத்துக்குப் போய், நேரத்தையும் நேர மண்டலத்தையும் தானாக அமைக்கும்படி மாற்றுங்கள். முடிந்தது. ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்றால் ஒருமுறை அணைத்து மறுபடி இயக்குங்கள்.

கடிகாரம் எப்படித் தவறுகிறது? குழந்தைகள் விளையாட்டில் அடுத்த உயிர் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று நேரத்தை முன்னே தள்ளிவைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இன்னொரு காரணம் பயணம். துபாயிலிருந்து சென்னைக்கு வந்தவர் நேர மண்டலத்தை மாற்றாமல் கடிகாரத்தை மட்டும் கையால் ஒன்றரை மணி நேரம் முன்னே நகர்த்தினால், திரையில் சரியான மணி தெரியும், ஆனால் போன் தன் உள்கணக்கில் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருப்பதால் இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

கடிகாரமும் சரி, ஆனாலும் ஏற்கவில்லை என்றால் ஆப்பில் ஒரே கணக்கின் பெயரில் இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது சரிபார்ப்பை எப்போதோ அணைத்து மறுபடி அமைத்திருந்தால் பழைய சாவி செத்துவிட்டது, ஆனால் அதன் வரி பட்டியலில் அப்படியே இருக்கும். இரண்டையும் முயன்று, வேலை செய்வதற்கு ஒரு அடையாளப் பெயர் வையுங்கள். மற்றதை உள்ளே நுழைந்த பிறகு அழிக்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

புது போன் வாங்கினேன், ஆத்தென்டிகேட்டர் காலியாக இருக்கிறது

பழைய போன் கையில் இருக்கிறதா? இருந்தால் கவலையே இல்லை. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் கணக்குகளை மாற்றும் வசதியைத் திறந்தால் ஒரு கியூஆர் காட்டும், புதுப் போனில் ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, அப்புறம் பழைய போனை விற்கவோ மகனுக்குக் கொடுக்கவோ செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். அந்தக் கியூஆரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தப் படம் யார் கையில் கிடைத்தாலும் உங்கள் எண்கள் அனைத்தும் அவர் போனிலும் ஓடும்.

பழைய போன் போய்விட்டது என்றால் அடுத்து மேகச் சேமிப்பு. கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2023 ஏப்ரல் முதல் கூகுள் கணக்கில் சாவிகளைச் சேமிக்கும் வசதியைத் தருகிறது. அன்று அதை இயக்கியிருந்தால், அதே கூகுள் கணக்கில் புதுப் போனில் நுழைந்ததும் எல்லாம் வந்துவிடும். ஆனால் கூகுள் கணக்குக்கே இந்த ஆப்தான் ஒரே இரண்டாவது சரிபார்ப்பு என்று வைத்திருந்தால், சாவி பெட்டிக்குள்ளே பூட்டிக்கிடக்கிறது. ஆகவே கூகுளுக்கு மட்டுமாவது வேறொரு வழியும் வைத்திருப்பது நல்லது.

அந்த வேறொரு வழி காப்புக் குறியீடுகள். கூகுள் எட்டு இலக்கக் குறியீடுகளைப் பத்துப் பத்தாகத் தரும், ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும். புதிதாகப் பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாது. அவற்றை அதே போனின் கேலரியில் படமாக வைத்திருப்பதில் பயனில்லை. தாளில் அச்சிட்டு, பத்திரம், பாஸ்போர்ட் இருக்கும் பீரோவில் வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இணையத்திலிருந்து பீரோவுக்குள் யாரும் நுழைய முடியாது.

குறியீடும் இல்லையா? அப்படியானால் கணக்கு மீட்புப் படிவம்தான். அதை வழக்கமாகப் பயன்படுத்திய கணினியிலிருந்து, வழக்கமான வீட்டு வைஃபையில் இருந்து நிரப்புங்கள். இடமும் கருவியும் பழக்கமானவையா என்பதையும் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அலுவலகக் கணக்கு என்றால் ஐடி துறைக்குச் சொல்லிவிடுங்கள், அவர்கள் பக்கத்தில் சில நிமிட வேலை.

'நீங்கள்தானா?' என்று கேட்கும் அறிவிப்பு வருவதில்லை

மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர், கூகுளின் அனுமதி அறிவிப்பு போன்றவற்றில் வரும் சிக்கல். அறிவிப்பு வராவிட்டாலும் ஆப்பை நேரடியாகத் திறந்து பாருங்கள், காத்திருக்கும் கோரிக்கை பெரும்பாலும் உள்ளேயே தெரியும். தற்காலிகத் தீர்வாக அது போதும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய மின்கலச் சேமிப்பைப் பாருங்கள். ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்கள் பின்னணியில் இருக்கும் ஆப்களை ஈவிரக்கமின்றி நிறுத்திவிடும். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கி, ஆட்டோஸ்டார்ட் அனுமதியைக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாக ஏற்றும் ஆப் அறிவிப்புக்கும் அனுமதி கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியிருந்தால் அது வாயே திறக்காது.

கேட்காமலே அறிவிப்பு வருகிறது, ஓடிபி வருகிறது

இந்த அறிகுறியை மட்டும் ஒருபோதும் 'ஏதோ கோளாறு' என்று விட்டுவிடாதீர்கள். கடவுச்சொல் கேட்டு, அது சரியாக இருந்த பிறகு வரும் அறிவிப்பு என்றால், உங்கள் கடவுச்சொல் இன்னொருவர் கையில் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது சரிபார்ப்பு மட்டும்தான் அவரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் நுழைந்தது இப்படித்தான். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, அனுமதி அறிவிப்புகளை அவருக்கு விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தான். கூடவே ஐடி துறை ஆள் மாதிரி வாட்ஸப்பில் பேசினான். கடைசியில் அவர் 'சரி' என்று தட்டிவிட்டார். இந்த மாதிரி தாக்குதல்களால்தான் 2023 மே முதல் மைக்ரோசாஃப்ட், திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடித்தால் மட்டுமே அனுமதி என்று மாற்றியது. எரிச்சலூட்டும் கூடுதல் வேலை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது நல்ல மாற்றமாகத்தான் தெரிகிறது. தூக்கக் கலக்கத்தில் 'சரி' தட்டலாம், தெரியாத எண்ணை அடிக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான்: அறிவிப்பை மறுத்துவிடுங்கள். அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே ஆப்பையோ தளத்தையோ திறந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். அதே கடவுச்சொல்லை வேறு இடத்தில் வைத்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபி மட்டும் ஒன்றிரண்டு வந்தால், யாரோ தன் எண்ணைத் தவறாக அடித்ததாகவும் இருக்கலாம். ஆனால் அதைத் தொடர்ந்து யாராவது அழைத்து 'தெரியாம உங்க நம்பருக்கு வந்துடுச்சு, சொல்லுங்க அண்ணே' என்றால், அழைப்பைத் துண்டியுங்கள்.

வாட்ஸப்பில் வந்த 'கல்யாணப் பத்திரிகை', 'போக்குவரத்து அபராதம்' போன்ற பெயருள்ள ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு) யாரேனும் வீட்டில் திறந்தார்களா என்றும் விசாரியுங்கள். அந்த வகை ஆப்கள் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு ஓடிபியைத் திருடி அனுப்புவதற்கென்றே செய்யப்பட்டவை. திறந்திருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து, வேறொரு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். தொடக்கத்தில் ரீசெட் வேண்டாம் என்றேன். இந்த ஒரு நிலையில் மட்டும், வங்கியிடம் சொல்லிக் கணக்கை நிறுத்திய பிறகு, ரீசெட்தான் சரி.

கைரேகையை ஏற்காமல் பின் கேட்கிறது

போனை அணைத்து இயக்கிய பிறகு முதல் முறை பின் கேட்பது இயல்பு. ஆண்ட்ராய்டில், அணைக்காமலே இருந்தாலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பின் கேட்கும். ஐபோனில் 48 மணி நேரம் திறக்காமல் இருந்தாலோ, முகமோ விரலோ ஐந்து முறை பொருந்தாமல் போனாலோ கேட்கும். பின்னை நீங்கள் மறந்துவிடாமல் இருக்கவும் இது உதவுகிறது. எப்போதும் விரலையே வைத்துப் பின்னை மறந்தவர்களின் நிலைமை பரிதாபம்.

எப்போது வைத்தாலும் ஏற்கவில்லை என்றால் ஈரம், எண்ணெய், மருதாணி, தேய்ந்த ரேகை எல்லாம் காரணமாகலாம். திரைக்குள் சென்சார் உள்ள போனில் புதிதாக ஒட்டிய டெம்பர்ட் கிளாஸை முதலில் சந்தேகப்படுங்கள். கிளாஸ் ஒட்டிய பிறகு பழைய பதிவை நீக்கி, விரலைப் புதிதாகப் பதிவு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். செங்கல், சிமெண்ட், பாத்திரம் என்று கை தேயும் வேலை செய்பவர்களுக்கு ஒரே விரலை இரண்டு முறை பதிவு செய்வது உதவும்.

போன் விரலுக்குத் திறக்கிறது, வங்கி ஆப் மட்டும் திறக்கவில்லை என்பது வேறு கதை. புதிதாக ஒரு விரலைச் சேர்த்தீர்களா? பல வங்கி ஆப்கள் தங்கள் சாவியை 'அன்று பதிவாகியிருந்த விரல்கள்' என்பதோடு கட்டிவைக்கின்றன. புதிய விரல் சேர்ந்த கணமே போன் அந்தச் சாவியைச் செல்லாமல் ஆக்கிவிடும். உங்கள் பின் தெரிந்த ஒருவர் தன் விரலைச் சேர்த்துவிட்டு உங்கள் பணத்தைத் தொடக்கூடாது என்பதற்காக. எம்பின் (வங்கி ஆப்புக்கு நீங்கள் வைத்த ரகசிய எண்) போட்டு நுழைந்து, கைரேகை நுழைவை ஆப்பில் மறுபடி இயக்கினால் போதும். நீங்கள் விரல் எதையும் சேர்க்கவில்லை, ஆனாலும் இந்தச் செய்தி வருகிறது என்றால், செட்டிங்ஸில் எத்தனை விரல்கள் பதிவாகியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

முகத்தைக் காட்டினால் போன் திறக்கிறது, வங்கி ஆப் ஏற்கவில்லை என்றால் அதுவும் பழுதல்ல. பல ஆண்ட்ராய்டு போன்களின் முகத் திறப்பு வெறும் முன்பக்கக் கேமராவை நம்புவது. ஆண்ட்ராய்டின் உயர்ந்த பாதுகாப்பு வகுப்பில் அது சேராது, அதனால் பண ஆப்கள் அதை நம்புவதில்லை. விரலையே பயன்படுத்துங்கள்.

யுபிஐ ஆப் 'எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை' என்கிறது

யுபிஐ உங்களை அடையாளம் காண்பது உங்கள் போனையும் அதிலுள்ள சிம்மையும் சேர்த்து வைத்துத்தான். அதை உறுதிசெய்ய ஆப் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸை வெளியே அனுப்பும். ஓடிபிக்கு நேர் எதிர்த் திசை. ஆகவே வங்கியில் பதிவான எண்ணின் சிம் இதே போனில் இருக்க வேண்டும், இரண்டு சிம் இருந்தால் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வெளிச்செல்லும் எஸ்எம்எஸ் உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும். அழைப்பும் டேட்டாவும் மட்டும் உள்ள மலிவுத் திட்டங்களில் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி இருக்கிறதா பாருங்கள், விபிஎன் இருந்தால் அணையுங்கள், வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் முயலுங்கள்.

புதுப் போனில் சேர்ந்த முதல் நாள் சிறிய தொகைக்கு மேல் அனுப்ப முடியாது. வாடகை கொடுக்கும் நாளில் போன் மாற்றாதீர்கள்.

ஆப் திறக்கவே மறுத்து 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பற்றியோ, திரையைப் பகிரும் ஆப் பற்றியோ சொன்னால், சொன்னபடி அணைத்துவிடுங்கள். உங்கள் திரையை வேறொருவர் தொலைவிலிருந்து பார்க்க உதவும் எனி டெஸ்க் மாதிரி ஏதாவது போனில் இருந்து, அதை யார் ஏற்றச் சொன்னார்கள் என்பது நினைவுக்கு வந்தால், அப்புறம் கடைசிக்கு முந்தைய பகுதிக்குத் தாவுங்கள்.

பாஸ்கீ கிடைக்கவில்லை என்கிறது

பாஸ்கீ என்பது கடவுச்சொல்லுக்குப் பதிலாக, போனின் திரைப்பூட்டைத் திறந்தே கணக்கில் நுழைய உதவும் சாவி. அதை எந்தக் கணக்கில் சேமித்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஐபோனில் உருவாக்கியது ஆப்பிளின் சேமிப்பில் இருக்கும், ஆண்ட்ராய்டில் உருவாக்கியது பெரும்பாலும் கூகுள் சேமிப்பில். இரண்டு கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் மற்றதைப் பாருங்கள். திரைப்பூட்டு இல்லாத போனில் பாஸ்கீ வேலை செய்யாது.

கணினியில் கியூஆர் காட்டி, போனால் ஸ்கேன் செய்யும்போது பாதியில் நின்றால் இரண்டிலும் புளூடூத்தை இயக்குங்கள். போன் அந்தக் கணினிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதா என்பதை அதை வைத்துத்தான் உறுதி செய்கிறார்கள். எங்கோ இருக்கும் மோசடிக்காரன் தன் கியூஆரை உங்களுக்கு அனுப்பி ஏமாற்ற முடியாமல் போவது இதனால்தான்.

இதையெல்லாம் பார்த்தும் பாஸ்கீ எட்டிப் பார்க்கவில்லை, நேற்று வரை வந்துகொண்டிருந்தது என்றால், முகவரிப் பட்டையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பாஸ்கீ தான் பிறந்த தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, ஒரு எழுத்து மாறிய போலித் தளத்தில் அது தலைகாட்டாது. அங்கே 'அப்படியானால் கடவுச்சொல்லும் ஓடிபியும் போடுங்கள்' என்று கேட்டால், உடனே வெளியே வந்துவிடுங்கள். ஓடிபியைப் போலித் தளத்தில் நாம் ஏமாந்து கொடுத்துவிட முடியும். அதனால்தான் எஸ்எம்எஸ்ஸைவிட இந்த முறையை நான் பரிந்துரைக்கிறேன். ரிசர்வ் வங்கியும் 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளில், எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டுமே நம்பாமல் மற்ற முறைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 அவற்றின் தொடக்க நாள்.

ஐபோன் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது

2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-இல் வந்த திருட்டுப் பாதுகாப்பு இது. வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முயன்றால், முகத்தைக் காட்டி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி காட்ட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள்.

சிக்னல் திடீரென்று போய்விட்டது, அல்லது போனே போய்விட்டது

பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் இல்லை, மறு இயக்கத்திலும் வரவில்லை என்றால், உங்கள் எண்ணில் வேறு யாரோ சிம் வாங்கியிருக்கலாம். வேறொரு போனிலிருந்து டெலிகாம் நிறுவனத்தை அழைத்து, சிம் மாற்றக் கோரிக்கை ஏதும் வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் அந்த எண்ணை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு வங்கிக்கு, கணக்கிலிருந்து பணம் வெளியே போவதைத் தடுக்க. பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், மற்ற கணக்குகளின் மீட்புக் கடிதங்கள் அங்கேதான் வரும்.

போன் தொலைந்தாலும் இதே வரிசைதான்: முதலில் சிம், அடுத்து வங்கி, அப்புறம் மின்னஞ்சல். காவல்துறையில் புகார் கொடுத்து அதன் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால் அந்தப் போனையே எந்த நெட்வொர்க்கிலும் இயங்காமல் தடுக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

எந்த வழியும் இல்லை

வாட்ஸப்பின் ஆறு இலக்கப் பின்னை மறந்து, மீட்பு மின்னஞ்சலும் வைக்கவில்லை என்றால் ஏழு நாள் காத்திருந்தால் திறக்கும். வங்கி என்றால் அடையாள அட்டையோடு கிளைக்குப் போங்கள். ஆப்பிள் கணக்கில் மீட்புச் சாவியை நீங்களே இயக்கி, அந்தச் சாவியையும் நம்பகக் கருவிகளையும் சேர்த்துத் தொலைத்திருந்தால் ஆப்பிளாலும் திறந்துதர முடியாது. சாவியைப் பத்திரப்படுத்துவோம் என்ற உறுதி இல்லாதவர்கள் அந்த வசதியை இயக்க வேண்டாம்.

இந்த நிலையில் தேடுபொறியில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி முதலில் வரும் எண்ணை அழைக்காதீர்கள். வங்கியின் எண் உங்கள் டெபிட் கார்டின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கணக்கை மீட்டுத்தருவதாகச் சொல்லும் யாருக்கும் கூகுளின் உள்ளேயோ மெட்டாவின் உள்ளேயோ கதவு கிடையாது. அவர்கள் முதலில் கேட்பது நீங்கள் இத்தனை நேரம் தேடிக்கொண்டிருந்த அதே ஓடிபியைத்தான்.